லிட்டருக்கு ஒன்பது

என் வண்டியின் டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. பதினோரு ஆண்டுகளாக, டாங்க்கை நிரப்பும் ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர் காட்டும் எண், ஊற்றிய லிட்டர் ஆகியவற்றை அதில் எழுதி வருகிறேன். தொடக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டமும் இருந்தது. கொடுத்த தொகையை அதில் குறிப்பேன். எரிபொருள் விலை நிற்காமல் ஏறிய ஓர் ஆண்டில், அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியை விற்றுவிடலாம் என்று தோன்றியதால், அதை நிரப்புவதையே நிறுத்திவிட்டேன். தொகை கண்ணில் படாமல் போன பிறகுதான் மற்ற மூன்று எண்களையும் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

வண்டி 1993இல் செய்யப்பட்ட ஒரு ஜீப். தனி சேசிஸ் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்), முன்னும் பின்னும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங், டர்போ இல்லாத 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், ஐந்து கியர், கியர் கம்பிக்குப் பக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்துக்கான குட்டைக் கம்பி. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை, மீதி என் சோம்பலால் வந்தவை. நல்ல நிலையில் இருக்கும்போது லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நோட்டுக் கணக்குப்படி 9.2.

இந்த எண்ணைக் கேட்பவர்கள் முகத்தில் இரக்கம் தெரியும். ஆனால் இந்த வண்டிகளின் பிறப்பே அப்படிப்பட்டது. இவற்றின் மூதாதையான வில்லிஸ் ஜீப், 1941 முதல் போருக்காகச் செய்யப்பட்டது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைச் செய்து தள்ளின. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் உழவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. போருக்குப் பின் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் அதன் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகட்டைப் போட்டார்கள். டொயோட்டாவின் பிஜே 1951இல் வந்தது. இவற்றை வரைந்தவர்கள் சேற்றையும் மேட்டையும் சுமையையும் எண்ணினார்கள், நடுக்காட்டில் ஒரு ஸ்பேனரோடு பழுது பார்க்க வேண்டியவனை எண்ணினார்கள். லிட்டரை எண்ண வேண்டிய அவசியம் அவர்களுக்கு அன்று வரவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோதுதான் அந்தக் கணக்கு உலகத்தின் தலையில் ஏறியது. அதற்கு அமெரிக்கா செய்த முதல் வேலைகளில் ஒன்று, 1974இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது 89 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, கட்டுப்படுத்தியது.

பெட்டி வடிவ வண்டியை ஓட்டுகிறவருக்கு அந்த வேகக் கட்டுப்பாட்டின் பொருள் எளிதில் விளங்கும். காற்று தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் தடையோ 56 விழுக்காடு கூடுகிறது. இதோடு, நிமிர்ந்த கண்ணாடியும் தட்டையான முகமும் கொண்ட இத்தகைய வண்டிகளின் காற்றுத்தடைக் கெழு (வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.5ஐ ஒட்டி இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் அது 0.3க்கும் கீழே. முகப்பின் பரப்பும் பெரியது. ஆகவே நெடுஞ்சாலையில் என் வண்டி ஒரு பீரோவைச் சுமந்துகொண்டு எதிர்க்காற்றில் ஓடுகிறவரைப் போலப் பாடுபடுகிறது. நான் 75இல் போகப் பழகிக்கொண்டேன். பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழக்கிறார்கள். நோட்டில் எண் அழகாக வருகிறது.

பொதுவாக எல்லோரும் செய்யும் ஒரு கணக்குப் பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசும் பழக்கம், குடிகார வண்டி வைத்திருப்பவரை ஏமாற்றுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரை 17க்குக் கொண்டுவந்தால் பெரிய சாதனையாகத் தெரியும். 7 ஓடும் ஜீப்பை 8க்குக் கொண்டுவந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பாருங்கள்: முதலாவதில் 6.7 லிட்டர் 5.9 ஆகிறது, இரண்டாவதில் 14.3 லிட்டர் 12.5 ஆகிறது. மிச்சம் முதல் வண்டியில் ஒரு லிட்டருக்கும் குறைவு, இரண்டாவதில் ஏறக்குறைய 1.8 லிட்டர். மோசமான மைலேஜ் உள்ள வண்டியில்தான் சிறு பராமரிப்புக்கும் பெரிய பலன் கிடைக்கிறது. "எப்படியும் குடிக்கிற வண்டிதானே" என்று விட்டுவிடுவது தலைகீழான நியாயம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சிறு வால்வு. ஒரு குளிர்காலத்தில் கணக்கு 9.2இலிருந்து 8.8க்கும், அடுத்த முறை 8.3க்கும், பிறகு 8.1க்கும் இறங்கியது. ஒற்றை நிரப்பலின் எண்ணை நான் நம்புவதில்லை. டாங்க்கை ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு நிரப்ப முடியாது, நாற்பது லிட்டரில் இரண்டு லிட்டர் முன்பின் ஆனாலே கணக்கு ஐந்து விழுக்காடு பிசகிவிடும். மூன்று முறை தொடர்ந்து ஒரே திசையில் போனால்தான் காரணம் தேடுவேன். எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களைச் சந்தேகித்தேன், அவற்றுக்கு டீசலை அனுப்பும் பம்ப்பைச் சந்தேகித்தேன், எரிபொருள் நிலையத்தையும்கூடச் சந்தேகித்தேன். வெப்பமானி முள்ளோ வழக்கத்தைவிடக் கீழே நிம்மதியாகப் படுத்திருந்தது. எஞ்சின் சூடாகவில்லையே என்று அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டதால் குளிர்நீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றி, எஞ்சின் தன் இயல்பான வெப்பத்தை எட்டவே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்து நிற்கிறது, எரிதல் அரைகுறையாகிறது, சிலிண்டர் தேய்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பாகத்தை மாற்றிய பிறகு, இரண்டு டாங்க்கில் 9.1 வந்துவிட்டது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் எரிபொருள் விலையைத் திட்டிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருப்பேன்.

அதற்கு நேர்மாறாக, நோட்டு என்னை ஏமாற்றிய கதையும் உண்டு. 29 அங்குல டயர்கள் தேய்ந்தபோது, ஆசைப்பட்டு 31 அங்குலம் போட்டேன். மைலேஜ் ஒரே மூச்சில் எட்டரைக்குக் கீழே போய்விட்டது. சில வாரங்கள் வருத்தத்தில் கழிந்த பிறகுதான் உறைத்தது: சக்கரத்தின் சுற்றளவு கூடினால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கோ அது தெரியாது. மீட்டர் 100 என்று காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 107 கிலோமீட்டர் ஓடியிருந்தது. திருத்திப் பார்த்தபோது இழப்பின் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் நடந்தது என்று தெரிந்தது. ஆனால் முழுவதும் அல்ல. பெரிய டயர் கனமானது, அதன் கட்டைகட்டையான பூக்கள் தார்ச்சாலையில் உருளும்போது எரிபொருளைத் தின்கின்றன, உயர்ந்த கியர் விகிதத்தால் மேட்டில் ஒரு கியர் இறங்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பழைய அளவுக்கே திரும்பினேன். வண்டி பார்க்கச் சற்றுக் குட்டையாகிவிட்டது என்று என் மகன் மட்டும் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறான்.

கூரைமேல் கேரியர் ஒன்று இருந்தது. அதில் ஏதும் ஏற்றியதில்லை. இருந்தாலும் அது வண்டிக்கு ஒரு பயணிக் களையைத் தந்தது. முன்னால் இரும்பு பம்பர், அதில் நான் நான்கே முறை பயன்படுத்திய வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி), பின்னால் இரண்டு எரிபொருள் கேன், உள்ளே எப்போதும் ஒரு கருவிப்பெட்டி, இழுவைக் கயிறு, மண்வெட்டி. ஒரு நாள் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். தொழிற்சாலைக் கையேடு சொல்லும் எடையைவிட 240 கிலோ அதிகம். மூன்று பெரிய ஆட்களை எங்கும் இறக்காமல் ஆண்டு முழுவதும் சுமந்திருக்கிறேன். எடை மேட்டிலும், நின்று நின்று போகும் நெரிசலிலும் தண்டனை தரும். கேரியர் நெடுஞ்சாலையில் தரும். இரண்டையும் குறைத்தேன். சுசுகி 1970இல் வெளியிட்ட எல்ஜே10 வெறும் 359 சிசி எஞ்சினோடு மேடுபள்ளங்களில் ஏறி இறங்கியது, அதன் உடம்பு அவ்வளவு இலேசாக இருந்ததால்தான். காடு கடக்கப் பளு வேண்டும் என்பது நாமே வளர்த்துக்கொண்ட கற்பனை.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் சில கற்பனைகள் உலவுகின்றன. என் வண்டியில் முன்னும் பின்னும் உள்ள ஆக்சில்களுக்கிடையே டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது. எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நான்கு சக்கரத்தைப் போட்டதும் இரண்டும் இறுகப் பிணைந்துவிடும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். உலர்ந்த சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் மழை விட்ட பிறகும் "பாதுகாப்புக்காக" நான்கு சக்கரத்திலேயே ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். முன் ஹப்களை, அதாவது சக்கரங்களின் நடுக்குடங்களை, கையால் திருகிப் பூட்டும் வகை வண்டிகளில், தேவையில்லாதபோது அவற்றைத் திறந்துவைத்தால் முன் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் வீணாகச் சுழலாது. அதனால் மிச்சமாகும் எரிபொருள் மிகச் சிறிது. தேய்மானம் குறைவதுதான் முதன்மையான லாபம். மாதம் ஒரு முறையாவது பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், இல்லையேல் முன் ஆக்சிலின் மேற்பகுதிப் பற்சக்கரங்களும் சீல்களும் எண்ணெய் படாமல் காய்ந்துபோகும்.

தண்ணீரால் வந்த செலவைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எரிபொருளைவிட அதுதான் என்னை அதிகம் செலவழிக்க வைத்தது. நீண்ட தூரம் ஓடிய ஆக்சில் சூடாக இருக்கிறது. அதைக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெற்றிடம் உண்டாகி, சீல்களின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் ஆக்சிலின் மேல் ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அது சேறு அடைத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்துப் பின் டிஃபரன்ஷியல் ஊளையிடத் தொடங்கியபோது, அடிப்பிளக்கைத் திறந்தேன். பாலில் கலந்த காப்பியைப் போன்ற ஒன்று வடிந்தது. பேரிங்குகளில் துரு. அன்றிலிருந்து மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சின் அறையின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். முழங்கால் அளவு தண்ணீரைக் கடந்தாலும், வீடு திரும்பியதும் அடிப்பிளக்கைச் சற்றே தளர்த்தி முதல் சொட்டைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அதுதான் முதலில் வரும்.

துரு இதைவிடப் பொறுமையான எதிரி. எஞ்சினை மறுபடி கட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். பெட்டி வடிவச் சேசிஸ் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கினால் வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உயிர் போய்க்கொண்டிருக்கும். சேசிஸின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று துளைகள் இருக்கின்றன. சேறு முதலில் அடைப்பது அவற்றைத்தான். ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பின்னும் வெளித்தோற்றத்தைக் கழுவாமல் விட்டாலும் விடுவேன், அந்தத் துளைகளில் கம்பி விட்டுக் குத்தி, உள்ளே தண்ணீர் பீய்ச்சி, காய்ந்த பிறகு மெழுகுக் கலவையைத் தெளித்துவிடுவேன். ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணியாக ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். பழைய வண்டி வாங்க நினைப்பவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் இந்தச் சத்தத்தைக் கேட்கட்டும்.

உதிரிபாகம் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். சில பாகங்கள் உண்மையிலேயே கிடைப்பதில்லை; கதவு ரப்பருக்காக நான் இரண்டு ஆண்டு அலைந்திருக்கிறேன். ஆனால் ஓடும் உறுப்புகளில் பெரும்பான்மைக்கு ஒரு பொது மொழி இருக்கிறது. பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண் எந்த வண்டி நிறுவனத்துக்கும் சொந்தமில்லை: 6205 என்றால் உலகம் முழுவதும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். ஆயில் சீலின் மேலும் அதன் மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையை விரிப்பவர், எண்ணைச் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படிப்பட்ட எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் உள்ளவற்றில் எது விலைமதிப்புள்ளது என்று கேட்டால் அந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

எரிபொருளின் விலை மட்டுமின்றி அதன் குணமும் மாறிவருகிறது. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் முறை பரவத் தொடங்கிய 1990களில், பழைய பம்ப்களின் ரப்பர் சீல்கள் சுருங்கி ஒழுகியதைப் பலர் கண்டார்கள். என் வண்டியின் பம்ப்பும் ஒரு நாள் அடியில் ஈரமாக இருந்தது, புதுவகை ரப்பர் சீல் போட்ட பின் நின்றது. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களின் கவலை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே பத்து விழுக்காடு கலந்தால் மைலேஜில் மூன்று விழுக்காடு அளவுக்கு இயல்பாகவே குறையும், அதற்காக கார்புரேட்டரைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. பழைய ரப்பர் குழாய்களை மட்டும் மாற்றிவிட வேண்டும். அவை எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, விரிசலிலிருந்து கசியும் பெட்ரோல் தீப்பிடிக்கும்.

சரி, இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் புதிய வண்டி ஒன்றை வாங்கியிருக்கலாமே என்ற கேள்விக்கு நான் லிட்டரிலேயே விடை தேடினேன். இப்போது ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 9.2 கணக்கில் 543 லிட்டர் செலவாகிறது. லிட்டருக்கு 14 ஓடும் புதிய வண்டி 357 லிட்டரில் அதை முடிக்கும். வேறுபாடு 186 லிட்டர். எரிபொருள் விலை இரட்டித்தாலும் அந்த 186 லிட்டரின் விலைதான் எனக்கு இழப்பு. புதிய வண்டியின் கடன் வட்டியும், முதல் ஆண்டிலேயே சரியும் மதிப்பும் அதைவிடப் பல மடங்கு. இதே கணக்கை ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் போட்டால் வேறுபாடு 745 லிட்டராகிவிடும். அவருக்கு என் வண்டி பொருந்தாது. வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஐயாயிரம் என்ற எண் தானாக வந்ததல்ல. நோட்டின் முதல் பக்கங்களில் ஆண்டுக்குப் பதினான்காயிரம் இருக்கிறது. பால் வாங்கப் போவதற்கும் இரண்டு டன் இரும்பைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அவற்றையெல்லாம் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் மாற்றியதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 980 லிட்டர் மிச்சமாகிறது. தெர்மோஸ்டாட், டயர் காற்று, கேரியர், நாசில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினாலும் இதன் அருகில் வராது.

ஓட்டாமல் நிறுத்தினால் மட்டும் நலமா என்றால், இல்லை. நின்ற வண்டியில் பேட்டரி இறங்குகிறது, பிரேக் டிரம்மில் துரு படர்ந்து லைனர் ஒட்டிக்கொள்கிறது, பாதி காலியான டாங்க்கில் ஈரம் படிந்து டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கின்றன. நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது இதைவிடக் கெடுதல். வெப்பம் எட்டாமல் ஈரம் மட்டும் சைலன்சரில் தங்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் முழுதாகச் சூடேறும்வரை முக்கால் மணி நேரம் ஓட்டுகிறேன். எங்கும் போக வேண்டியில்லாத இந்த ஓட்டத்துக்கும் நான்கு லிட்டர் ஆகிறது. அதையும் நோட்டில் எழுதுகிறேன், சற்றுக் குற்ற உணர்வோடு.

குற்ற உணர்வுக்குக் காரணம் புகை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளிவருகிறது. இது எல்லா வண்டிக்கும் பொது. என் வண்டியில் துகள் வடிகட்டி கிடையாது என்பதால் கரியும் சேர்ந்தே வருகிறது. மேட்டில் கறுப்பாகப் புகைத்தால் காற்று போதவில்லை அல்லது நாசில் பனியாகத் தூவாமல் சொட்டுகிறது என்று பொருள். நாசில்களைச் சோதனை மேடையில் வைத்து அழுத்தம் சரிசெய்து, ஏர் ஃபில்டரைக் காலத்தில் மாற்றி, புகையைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பழைய வண்டியைக் காப்பதே சூழலுக்கு நல்லது என்று சிலர் அடித்துப் பேசும்போது நான் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வதில்லை.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இறங்கி, நான்கு சக்கர ஹப்களிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பது என் பழக்கம். நான்கும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது. நாம் வாங்கிய எரிபொருளில் ஒரு பங்கு அங்கே வெறும் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று நிரப்பியபோது கணக்கு 8.6 என்று வந்தது. ஒற்றை எண்ணை நம்புவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், இதையும் நம்பியிருக்க மாட்டேன்; ஆனால் வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தபோது இடது பின் ஹப்பில் கையை வைத்திருக்க முடியவில்லை. சனிக்கிழமை டிரம்மைக் கழற்ற வேண்டும். வீல் சிலிண்டருக்கான ரப்பர் கிட் ஒன்று கருவிப்பெட்டியின் அடியில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் அதன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.